பரணில் இருக்கும் மரக் கேமரா: பாலிஷ் கடைசியில்தான்

பாளையங்கோட்டையிலோ அம்பாசமுத்திரத்திலோ தென்காசியிலோ இரண்டு மூன்று தலைமுறை கண்ட ஸ்டூடியோவின் பரணில் ஒரு மரக் கேமரா தூங்கிக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு. தேக்கு அல்லது மஹாகனி உடம்பு, பித்தளைக் கீல்கள், தோல் துருத்தி, பின்பக்கம் தேய்த்த கண்ணாடி. அதை இறக்கிக் கையில் வாங்கியதும் நம்ம ஊரில் முதலில் நடப்பது, பித்தளையைப் புளி போட்டுத் தேய்ப்பதுதான். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். புளியின் அமிலம் பித்தளை மேல் பூசியிருக்கும் பழைய லாக்கர் பூச்சைத் தின்றுவிடும். திருகாணித் துளைகளுக்குள்ளும் மரத்துக்கும் தகட்டுக்கும் இடையிலும் இறங்கி, ஆறு மாதத்தில் பச்சைக் களிம்பாக வெளியே வரும். பாலிஷ் பொடியோ பல்சக்கரத்தின் பல்லிடுக்கில் உட்கார்ந்து அரைக்கும். கறுத்த பித்தளையால் படத்துக்கு எந்தக் கெடுதியும் கிடையாது.

படம் எடுப்பதற்கு இந்தக் கேமராவிடம் கேட்க வேண்டியவை வேறு. உள்ளே முழு இருட்டு இருக்கிறதா? லென்ஸ் பலகையும் பின்சட்டமும் வைத்த இடத்தில் ஆடாமல் நிற்கின்றனவா? கண்ணாடியில் பார்த்த அதே தூரத்தில் ஃபிலிம் வந்து உட்காருகிறதா? பழுது பார்க்கும் வேலை முழுக்க இந்தக் கேள்விகளுக்குள் அடங்கும். மூன்றாவதைத்தான் பெரும்பாலும் யாரும் அளந்து பார்ப்பதில்லை. அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வாங்கும்போது கேமராவைவிட ஸ்லைடைத்தான் அதிகம் பார்க்க வேண்டும். பிளேட் (ஃபிலிமுக்கு முந்தைய கண்ணாடி நெகட்டிவ்) மாட்டும் அந்த மரப்பெட்டியைச் சிலர் ஹோல்டர் என்பார்கள். ஃபுல் பிளேட் என்றால் 6½ × 8½ அங்குலம், ஹாஃப் பிளேட் 4¾ × 6½ அங்குலம். பழைய பிரிட்டிஷ் கேமராக்களும், அவற்றைப் பார்த்து இங்கே செய்த கேமராக்களும் பெரும்பாலும் இந்த அளவுகளில்தான் வரும். ஆலப்புழையில் செய்த வாகீஸ்வரி கேமராக்கள் நம் பக்க ஸ்டூடியோக்களுக்கும் வந்தவை. இவற்றில் ஒருவர் செய்த ஸ்லைடு இன்னொருவர் கேமராவில் சேராது. ஒரே பட்டறையில் செய்த இரண்டு கேமராக்களுக்கு இடையில்கூட மாற்றிப் போட்டால் இடுக்கு விழலாம். ஆகவே ஸ்லைடு இல்லாத கேமரா பாதி விலைக்குக் கிடைத்தாலும் லாபமில்லை. குறைந்தது இரண்டு ஸ்லைடு, அதுவும் அந்தக் கேமராவோடு பிறந்தவை, கேட்டு வாங்குங்கள். ஸ்லைடின் மூடி மடங்கும் இடத்தில் துணிக் கீல் கிழிந்திருந்தால் பயப்பட வேண்டாம், மெல்லிய கறுப்பு பைண்டிங் துணி வைத்து ஒட்டிவிடலாம். மரமே வளைந்திருந்தால் மட்டும் தொடாதீர்கள்.

இனி மரம். தேக்கைக் கரையான் எளிதில் தொடாது, மஹாகனியில் உளு விழும். ஊசித்துளைகளைக் கண்டால் கேமராவை வெள்ளைத் தாள் மேல் ஒரு வாரம் வையுங்கள். புதிதாகத் தூள் விழுந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். மரப்பூச்சி மருந்தைச் சிரிஞ்சில் எடுத்துத் துளை துளையாக ஏற்றி, பாலித்தீன் பையில் கட்டிப் பத்து நாள் வைத்துவிட்டுத்தான் மற்ற வேலை. மூலை இணைப்புகள் விட்டிருந்தால், அந்தக் காலத்துப் பசை வஜ்ஜிரமாகத்தான் (தோல், எலும்பு காய்ச்சி எடுத்த பசை) இருக்கும். அதன் மேலேயே ஃபெவிகால் விட்டால் பிடிக்காது. வெந்நீரில் நனைத்த துணியை இணைப்பின் மேல் கொஞ்ச நேரம் வைத்து, இளகிய வஜ்ஜிரத்தைச் சுரண்டி எடுத்து, காய்ந்த பிறகு ஒட்ட வேண்டும். ஒட்டிக் கிளாம்ப் போடும்போது சட்டத்தின் இரண்டு மூலைவிட்டங்களையும் ஸ்டீல் ஸ்கேலில் அளந்து பாருங்கள். அரை மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சட்டம் கோணல், பிற்பாடு ஸ்லைடு ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும்.

திருகாணி விட்டுப்போன துளைகளில் தீக்குச்சி வைத்து இறுக்குவது வழக்கம். தீக்குச்சி மெத்தென்ற மரம், நாலு தடவை கழற்றி மாட்டினால் தூளாகிவிடும். தச்சுப் பட்டறை அண்ணாச்சியிடம் கேட்டால் தேக்குச் சிலாம்பு சும்மாவே தருவார். அதைப் பசையில் தோய்த்து ஏற்றி, காய்ந்தபின் சிறு துளையிட்டுத் திருகுங்கள். அசையாத பழைய பித்தளைத் திருகாணியின் தலையில் சால்டரிங் அயர்ன் நுனியை அரை நிமிடம் வைத்தால் விட்டுக்கொடுக்கும். ஸ்க்ரூ டிரைவரின் வாய் அகலம் வெட்டின் அகலத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். ஒல்லியான டிரைவரால் திருகி வெட்டைப் பிய்த்துவிட்டால் அந்தத் திருகாணிக்கு மாற்று கிடைப்பது கஷ்டம்.

மரச் சறுக்குகள் இறுக்கமாக ஓடினால் தேங்காய் எண்ணெய் தொடக் கூடாது. சிக்குப் பிடித்து, தூசியைச் சேர்த்துப் பசையாகிவிடும். வெள்ளை மெழுகுவர்த்தியை ஒரு இழுப்பு இழுத்து, துணியால் துடைத்தாலே போதும். பல்சக்கரத்தையும் பல்பட்டையையும் மண்ணெண்ணெய் தொட்ட பழைய டூத் பிரஷ்ஷால் சுத்தம் செய்துவிட்டு, சக்கரத்தின் அச்சில் மட்டும் தையல் மிஷின் எண்ணெய் ஊசிமுனையளவு வையுங்கள்.

துருத்திக்கு வருவோம். இதைச் சோதிக்க ராத்திரிதான் சரி. லென்ஸைக் கழற்றி அந்த ஓட்டையை அட்டையால் மூடி, துருத்தியை முழுக்க இழுத்து, செல்போன் டார்ச்சை உள்ளே போட்டுப் பின்னாலும் மூடுங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் சும்மா இருங்கள், கண் இருட்டுக்குப் பழகட்டும். அப்புறம் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். கசிவு பெரும்பாலும் மடிப்பின் நாலு மூலைகளில்தான், நட்சத்திரம் தெரிவது மாதிரி தெரியும். ஒவ்வொன்றையும் வெள்ளைப் பென்சிலால் வட்டமிடுங்கள். துருத்தியை ஏற்றி இறக்கி, பக்கவாட்டில் திருப்பி, மறுபடியும் பாருங்கள். நேராக நிற்கும்போது மூடிக்கொண்டு, லென்ஸ் மாட்டிய முன்பலகையை உயர்த்தும்போது மட்டும் திறக்கும் ஓட்டைகள் உண்டு.

பத்துப் பதினைந்து ஓட்டை என்றால் ஒட்டலாம். இன்சுலேஷன் டேப் வேண்டாம், நம் வெயிலில் பசை உருகி அடுத்த மடிப்போடு ஒட்டிக்கொள்ளும். ஃபெவிகால் காய்ந்தால் விறைத்து மடிப்பில் வெடிக்கும். சைக்கிள் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன்தான் இதற்குச் சரியான சாமான், காய்ந்த பிறகும் வளைந்து கொடுக்கும். மெல்லிய கறுப்புப் பருத்தித் துணியை ஒரு சென்டிமீட்டர் சதுரங்களாக வெட்டி, துணியிலும் தோலிலும் சொல்யூஷன் தடவி, தொட்டால் ஒட்டாத பதத்துக்கு ஆறவிட்டு, உள்பக்கமாக வைத்து அழுத்துங்கள். ஒரு நாள் துருத்தியை விரித்தே வைத்துவிட்டுப் பிறகு மடியுங்கள். முப்பது ஓட்டைக்கு மேல் போனால் தோலே செத்துவிட்டது என்று பொருள். ஒன்றை அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று வரும்.

அப்படியானால் புதுத் துருத்திதான். செய்யக் கூடிய வேலையே, அவசரப்படக் கூடாது. ஹாஃப் பிளேட் கேமராவில் 450 மி.மீ. நீளம் வரை துருத்தி போக வேண்டும் என்று வையுங்கள். மடிப்புகள் ஒருபோதும் தட்டையாக விரியாது, விரித்தால் கட்டுவிட்டுப்போகும். அதனால் துணி 600 மி.மீ. நீளம் வேண்டும். மடிப்பு அகலம் 18 மி.மீ. என்றால் பக்கத்துக்கு 33 அட்டைப் பட்டைகள். அட்டை 0.3 மி.மீ. தடிமன், கல்யாணப் பத்திரிகை அட்டை அளவுக்கு. பட்டை 16 மி.மீ. அகலம், பட்டைக்கும் பட்டைக்கும் இடையில் 2 மி.மீ. இடைவெளி, இரண்டும் சேர்ந்துதான் அந்த 18. பட்டைகளின் முனைகளைச் சாய்வாக வெட்டி, ஒன்று நீளம் ஒன்று குட்டை என்று மாற்றி மாற்றி அடுக்கினால்தான் மூலை மடியும். வெளித்துணிக்குப் புத்தக பைண்டிங் கேலிகோ அல்லது மிக மெல்லிய ரெக்ஸின், உள்துணிக்குக் கறுப்பு லைனிங். இரண்டும் சேர்ந்து ஒரு மில்லிமீட்டரைத் தாண்டினால் மூடும்போது கேமரா பெட்டி பூட்டாது. கடையில் வாங்கும்போதே துணியை டார்ச் முன்னால் பிடித்துப் பாருங்கள், கறுப்பாகத் தெரிகிற துணியெல்லாம் வெளிச்சத்தை மறைக்காது. ஒட்டு கீழ்ப்பக்கம் வரட்டும். அகலமான பின்முனையில் தொடங்கி மூலைகளை விரலால் கிள்ளிக் கிள்ளி மடித்து வந்து, முழுக்க மடிந்ததும் ஒரு இரவு அம்மிக்கல்லின் பாரத்தில் வையுங்கள். பாளையங்கோட்டையில் பள்ளி, கல்லூரி அதிகம், அதனால் பைண்டிங் கடைகளும் உண்டு. கேலிகோவும், அட்டையை நேராக வெட்டித் தரும் கட்டிங் மெஷினும் அங்கேயே கிடைக்கும்.

அடுத்து, நான் விரிவாகச் சொல்வதாகச் சொன்ன அளவு.

பின்பக்கக் கண்ணாடியில் நீங்கள் ஃபோகஸ் பார்க்கிறீர்கள். பிறகு கண்ணாடியை ஒதுக்கிவிட்டு அதே இடத்தில் ஸ்லைடைச் சொருகுகிறீர்கள். கண்ணாடியின் தேய்த்த முகம் இருந்த தளத்தில் ஃபிலிமின் முகம் வந்து நிற்க வேண்டும். பல கேமராக்களில் கண்ணாடி எப்போதோ உடைந்து, யாரோ ஒருவர் புதிதாகப் போட்டிருப்பார். அவர் தேய்த்த முகத்தைப் பார்ப்பவர் பக்கம் வைத்திருந்தால் கணக்கு முடிந்தது. தேய்த்த முகம் எப்போதும் லென்ஸைப் பார்க்க வேண்டும். 2 மி.மீ. கண்ணாடியைத் திருப்பி மாட்டினால் ஃபோகஸ் சுமார் 1.3 மி.மீ. தப்பும்.

இந்தப் பிழை ஏன் பல காலம் யார் கண்ணிலும் படாமல் இருக்கிறது என்றால், லென்ஸ் துளையை நன்றாகச் சிறிதாக்கி எஃப் 32-இல் எடுக்கும் குரூப் போட்டோவில் ஃபிலிம் பக்கத்தில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடறல்கூட மறைந்துபோகும். துளையை அகலத் திறந்து எஃப் 5.6-இல் ஒரு முகத்தை எடுக்கும்போது அது பல்லைக் காட்டும். 210 மி.மீ. லென்ஸ், ஒன்றரை மீட்டர் தூரத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அங்கே 1 மி.மீ. தப்பினால் கூர்மை கிட்டத்தட்ட 4 செ.மீ. நகரும். கண்ணில் ஃபோகஸ் வைத்தும் மூக்கு நுனி கூர்மையாக வந்தால் ஃபிலிம் கண்ணாடியைவிடப் பின்னால் இருக்கிறது. காதுப் பக்கம் கூர்மையாக வந்தால் ஃபிலிம் முன்னால் இருக்கிறது. லென்ஸைக் குறை சொல்வதற்கு முன்னால் இதைப் பாருங்கள்.

அளப்பது சுலபம், வெர்னியர் காலிப்பர் ஒன்று வேண்டும். லேத் பட்டறையில் இரவல் கேட்டாலும் தருவார்கள். ஸ்லைடில் ஒரு வீணான ஃபிலிமைப் போட்டு, மூடியைத் திறந்து, கேமராவில் படியும் விளிம்புகளின் மேல் ஸ்டீல் ஸ்கேலை நெட்டுக்குத்தாக நிறுத்துங்கள். ஸ்கேலின் மேல்விளிம்பில் வெர்னியரை ஊன்றி அதன் வால்குச்சியை ஃபிலிம் மேல் இறக்கி அளந்து, ஸ்கேலின் அகலத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒன்று, மூலைக்கு ஒன்று, மொத்தம் ஐந்து அளவு. பிறகு கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றி, அது கேமராவில் படியும் முகத்திலிருந்து தேய்த்த முகம் வரை அதே மாதிரி ஐந்து அளவு. இரண்டு வரிசைக்கும் வித்தியாசம் 0.2 மி.மீ.க்குள் இருந்தால் கையெடுத்துக் கும்பிட்டு விட்டுவிடலாம். கண்ணாடி அதிகம் முன்னால் இருந்தால், அது உட்காரும் படியில் மெல்லிய பித்தளைத் தகடோ தாள் பட்டையோ வைத்துப் பின்தள்ளுங்கள். அதிகம் பின்னால் இருந்தால் மரப்படியை உளியால் இழைக்க வேண்டிவரும், அதைத் தச்சரிடம் விடுங்கள். புதிய 4 × 5 அங்குல ஹோல்டருக்குப் பின்சட்டம் மாற்றுகிறவர்களுக்கு நிலையான கணக்கு இருக்கிறது: விளிம்பிலிருந்து ஃபிலிம் உட்காரும் அடித்தளம் வரை 0.197 அங்குலம், அதாவது 5 மி.மீ. 8 × 10-க்கு 0.260 அங்குலம், 6.6 மி.மீ. ஃபிலிமின் தடிமன் சுமார் 0.18 மி.மீ. இதில் கழியும்.

பழைய பிளேட் ஸ்லைடில் ஃபிலிம் போடுவதற்கு ஒரு நல்ல வசதி உண்டு. அதில் பிளேட்டை முன்விளிம்போடு சேர்த்து அழுத்துவது உள்ளே இருக்கும் ஸ்பிரிங். அதனால் ஃபிலிமை முன்னால் வைத்து, பின்னால் அதே அளவில் வெட்டிய 1.5 மி.மீ. கண்ணாடியை வைத்து மூடினால், ஃபிலிமின் முகம் பிளேட்டின் முகம் இருந்த இடத்துக்கே வந்துவிடும். அந்தக் கண்ணாடியின் ஃபிலிமைத் தொடும் முகத்துக்கு மட் கறுப்புப் பெயின்ட் அடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வெளிச்சம் திரும்பி அடித்து வெள்ளைப் பகுதிகளைச் சுற்றி மங்கல் வளையம் விழும்.

உடைந்த கண்ணாடிக்குப் பதில் வீட்டிலேயே தேய்க்கலாம். போட்டோ ஃபிரேம் கடையில் 2 மி.மீ. சாதாக் கண்ணாடி வெட்டி வாங்கி, ஓரங்களைத் தேய்த்துக்கொள்ளுங்கள். 600 நம்பர் கார்போரண்டம் பொடி ஒரு டீஸ்பூன், சில சொட்டுத் தண்ணீர், மேலே கையளவு இன்னொரு கண்ணாடித் துண்டு. எட்டு எழுதுகிற மாதிரி அரைமணி நேரம் அரைக்க வேண்டும். பொடி கிடைக்காவிட்டால் மோட்டார் ஸ்பேர்ஸ் கடையில் வால்வு அரைக்கும் பேஸ்ட்டின் நைஸ் ரகம் ஓரளவுக்குச் சரி, கொஞ்சம் குருணையாகத் தெரியும். நடுவில் கழுவி, சாய்த்துப் பார்த்து, பளபளக்கும் திட்டு எங்காவது மீந்திருந்தால் அங்கே மறுபடி. நாலு மூலைகளையும் சிறு முக்கோணமாக வெட்டச் சொல்லுங்கள். துருத்தியை மூடும்போது காற்று வெளியேற அது வழி. முன்பலகையை உயர்த்தும்போது, அந்த ஓட்டை வழியாக லென்ஸின் முழு வட்டமும் தெரிகிறதா என்று பார்த்தால் மூலை இருட்டடிக்குமா என்பதும் தெரிந்துவிடும்.

லென்ஸ் பற்றி. பூஞ்சை பிடித்திருந்தால் மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடும் அமோனியாவும் சம அளவு கலந்து, பஞ்சில் தொட்டுத் துடையுங்கள், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு. ஒட்டிய கண்ணாடிகளின் ஓரத்தில் மஞ்சளாகவோ வானவில்லாகவோ பிரிந்திருந்தால் விட்டுவிடுங்கள், எஃப் 16-க்கோ அதைவிடச் சிறிய துளைக்கோ மூடினால் அது படத்தில் தெரியாது. பழைய பித்தளை லென்ஸில் 4, 8, 16, 32, 64 என்று எண்கள் இருந்தால் அவை எஃப் எண்கள் அல்ல என்பதை நினைவில் வையுங்கள். பழைய யு.எஸ். முறை அது (அமெரிக்கா அல்ல, யூனிஃபார்ம் சிஸ்டம்). அதில் 4 என்றால் எஃப் 8, 8 என்றால் எஃப் 11, 16 மட்டும் இரண்டிலும் ஒன்று, 32 என்றால் எஃப் 22, 64 என்றால் எஃப் 32. இது தெரியாமல் எடுத்துவிட்டு ஃபிலிம் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடுவது நடக்கிறது. லென்ஸ் பலகையில் பதிக்கும் வளையம் தொலைந்திருந்தால் லேத் பட்டறையில் கடைந்து வாங்கலாம். பிரிட்டிஷ் லென்ஸ்களில் பெரும்பாலும் அங்குலத்துக்கு 24 மரை. லென்ஸைக் கையோடு கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

தார்ன்டன் பிக்கார்டு மாதிரித் திரைச்சீலை ஷட்டரில் ரப்பர் பூசிய துணி வெடித்து ஊசித்துளை விட்டிருக்கும், அதையும் டார்ச்சால் பார்க்க வேண்டும். காம்பூர் போன்ற உலோக ஷட்டர் மந்தமாக ஓடினால் எண்ணெய் விடாதீர்கள். இதழ்களில் எண்ணெய் ஏறினால் ஒட்டிக்கொள்ளும். லைட்டர் பெட்ரோலில் பற்சக்கரங்களைக் கழுவி உலர்த்துவதே மருந்து. வேகத்தைச் செல்போனிலேயே அளக்கலாம். வினாடிக்கு 240 ஃபிரேம் ஸ்லோமோஷனில் லென்ஸின் பின்னாலிருந்து எடுத்து, வெளிச்சம் தெரியும் ஃபிரேம்களை எண்ணுங்கள். 1/30 என்றால் 8 ஃபிரேம், 1/60 என்றால் 4. 1/30-இல் 13 ஃபிரேம் வந்தால் அது உண்மையில் 1/18. மெதுவாக இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் அதே 13 வந்தால் அந்த ஷட்டரோடு வாழலாம். தடவைக்கு ஒன்று வந்தால்தான் கழற்ற வேண்டும்.

ஃபிலிம் விலை நம்மை யோசிக்க வைக்கும். கற்றுக்கொள்ள எக்ஸ்ரே ஃபிலிம் நல்லது. ஆனால் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை: இப்போதைய ஸ்கேன் சென்டர்களில் பிரிண்டரில் ஓடும் டிரை ஃபிலிம் வெப்பத்தில் அச்சாவது, கேமராவுக்கு ஆகவே ஆகாது. இருட்டறையில் டெவலப்பரும் ஃபிக்ஸரும் போட்டுக் கழுவும் பழைய வகை, பச்சை வெளிச்சத்தை உணரும் ரகம் என்று கேட்டு வாங்க வேண்டும். 8 × 10 அங்குலத் தாளில் ஃபுல் பிளேட் ஒன்று அல்லது ஹாஃப் பிளேட் இரண்டு வெட்டலாம். ஐஎஸ்ஓ 50 என்று வைத்துத் தொடங்குங்கள். இதற்குச் சிவப்பு தெரியாது என்பதால் சிவப்பு விளக்கில் வேலை செய்யலாம். விளக்கை நம்புவதற்கு முன் ஒரு துண்டு ஃபிலிம் மேல் நாணயத்தை வைத்து ஐந்து நிமிடம் அந்த வெளிச்சத்தில் விட்டு டெவலப் செய்து பாருங்கள். நாணயத்தின் வட்டம் தெரிந்தால் அந்த விளக்கு ஆகாது.

சிவப்பு தெரியாத ஃபிலிம் நம் ஊரை வேறு மாதிரிக் காட்டும். கோயில் மதிலின் காவிப் பட்டை கறுப்பாகவே விழும், சுண்ணாம்புப் பட்டை பளீரென்று நிற்கும். நெற்றியில் குங்குமம் மைப்பொட்டு ஆகிவிடும், உதடு கறுக்கும், வானத்தில் மேகம் காணாமல் போகும். பயிர் ஏறிய வயல் மட்டும் கண்ணுக்குத் தெரிவதைவிட வெளிச்சமாக வரும். மதிலையும் வயலையும் எடுக்க இதைவிட அழகான சாமான் கிடையாது என்பது என் கருத்து. முகம் எடுப்பதற்குச் சாதாரணக் கறுப்பு வெள்ளை ஃபிலிமே சரி.

எக்ஸ்ரே ஃபிலிமுக்கு இரண்டு பக்கமும் எமல்ஷன், அதாவது வெளிச்சம் பதியும் பூச்சு. நகம் பட்டாலே கீறும். டிரேயின் அடியில் வழவழப்பான கண்ணாடித் தகடு போட்டு, ஒரு நேரத்தில் ஒரே தாள். டெவலப்பர் டி-23 போதும்: மெட்டால் 7.5 கிராம், நீரற்ற சோடியம் சல்ஃபைட் 100 கிராம், மொத்தம் ஒரு லிட்டர். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சிட்டிகை சல்ஃபைட், பிறகு மெட்டால் முழுதும் கரையட்டும், அப்புறம் மீதி சல்ஃபைட். வரிசை மாறினால் மெட்டால் கரையாமல் மிதக்கும். சம அளவு தண்ணீர் சேர்த்து, 24 டிகிரியில் ஆறு நிமிடம் என்று தொடங்கி, சிவப்பு விளக்கில் பார்த்துக்கொண்டே கூட்டிக் குறையுங்கள்.

இங்கே நமக்குப் பெரிய எதிரி சூடு. சித்திரை, வைகாசியில் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீர் கையில் பட்டாலே சுடும். அதில் டெவலப் செய்தால் எமல்ஷன் கூழாகி, விரல் பட்ட இடத்தில் கழன்று வரும். ஒரு டிகிரி ஏறினால் நேரத்தைச் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைக்க வேண்டும், 27 டிகிரிக்கு மேல் போகாதிருப்பது நல்லது. காருகுறிச்சி மண்பானையில் முதல் நாள் ராத்திரியே தண்ணீர் ஊற்றி வைத்தால் வறண்ட கோடையில் நன்றாகவே குளிர்ந்திருக்கும். தென்காசிப் பக்கம் சாரல் காலத்தில் காற்றே ஈரமாக இருப்பதால் பானை அவ்வளவு குளிராது, அப்போது ஐஸ் கட்டியைப் பாலித்தீன் பையில் கட்டி டிரேக்கு வெளியே வைக்க வேண்டும். டெவலப்பர், நடுவில் அலசும் தண்ணீர், ஹைப்போ (ஃபிக்ஸர்) மூன்றும் இரண்டு டிகிரி வித்தியாசத்துக்குள் இருக்கட்டும். சூட்டிலிருந்து சட்டென்று குளிருக்குப் போனால் எமல்ஷன் ஏரி வற்றிய மண் மாதிரி வெடிக்கும். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் கடைசி அலசலுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் காயும்போது வெள்ளைத் திட்டு நிற்கும். பயன்படுத்திய ஹைப்போவில் வெள்ளி இருக்கிறது. அதை வாய்க்காலில் கொட்டாதீர்கள், கேனில் சேர்த்து வைத்து வெள்ளி எடுப்பவர்களிடம் கொடுக்கலாம்.

இனி வெளியே. தென்காசி காசி விசுவநாதர் கோயில் கோபுரம் சுமார் 180 அடி. கேமராவைத் தூக்கிப் பிடித்து எடுத்தால் கோபுரம் பின்பக்கமாகச் சாயும். இந்தக் கேமராக்களின் முன்பலகை மேலே ஏறுவது இதற்காகத்தான். ஹாஃப் பிளேட்டை நெட்டுக்குத்தாக வைத்து, 210 மி.மீ. லென்ஸோடு நூறு மீட்டர் தள்ளி நின்றால் கோபுரம் கண்ணாடியில் ஏறக்குறைய 11.5 செ.மீ. உயரம் விழும். கேமராவை மட்டமாக வைத்தால் உச்சி கண்ணாடிக்கு வெளியே போய்விடும். முன்பலகையை 35 மி.மீ. ஏற்றினால் கலசத்துக்கு மேல் கொஞ்சம் வானத்தோடு முழுசாக உள்ளே வரும். ஆனால் அதற்கு லென்ஸ் சுமார் 265 மி.மீ. வட்டம் போட வேண்டும். பழைய டெஸ்ஸார் 210 அவ்வளவு போடாது, மேல் மூலைகள் கறுக்கும், அங்கே 240 அல்லது 250 மி.மீ. லென்ஸோடு இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். பலகை ஏறும் அளவு போதாவிட்டால் கேமராவின் அடித்தட்டை மேல்நோக்கிச் சாய்த்துவிட்டு, முன்பலகை, பின்சட்டம் இரண்டையும் நேராக நிமிர்த்துங்கள். நூலில் ஒரு நட்டைக் கட்டித் தூக்குக்குண்டாகப் பிடித்தால் செங்குத்து தெரிந்துவிடும். தெருவில் நின்று எடுப்பதற்கும் கோயில் அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

வயலுக்கு வேறு அசைவு. அம்பாசமுத்திரம் பக்கம் வரப்பில் நின்று, காலடிப் பயிர் முதல் பொதிகை அடிவாரம் வரை கூர்மை வேண்டும் என்றால் எஃப் 64-க்கு மூட வேண்டியதில்லை. லென்ஸ் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில், 210 மி.மீ. என்றால், முன்பலகையை 8 டிகிரி முன்னால் சாய்த்தால் தரை முழுக்க ஒரே கூர்மையில் வரும். கிட்டத்தில் ஒரு பனை நின்றால் அதன் அடி கூர்மையாகவும் உச்சி மங்கலாகவும் விழும், அதற்கு வழியில்லை. பனை இல்லாத பக்கம் பாருங்கள்.

ஷட்டரே இல்லாத பித்தளை லென்ஸாக இருந்தால் மூடியைத் திறந்து மூடித்தான் எடுக்க வேண்டும். பிரிண்ட் பேப்பரையே நெகட்டிவாகப் போட்டு ஐஎஸ்ஓ 6 என்று கணக்கிட்டால், நல்ல வெயிலில் எஃப் 45-இல் ஒன்றே கால் வினாடி வரும், கைக்கு வசதியான நேரம். கிட்டப் போய் எடுக்கும்போது துருத்தி நீளத்தையும் கணக்கில் எடுங்கள். 210 மி.மீ. லென்ஸில் துருத்தி 300 மி.மீ. நீண்டால் நேரம் இரட்டிப்பு, 420 ஆனால் நாலு மடங்கு.

ஆடிக் காற்றில் பணகுடி, ராதாபுரம் பக்கம் மரக் கேமராவைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றுக்குத் துருத்தி பாய்மரம் மாதிரி உப்பும், அரை வினாடிப் படம் ஆடிவிடும். போயே ஆக வேண்டும் என்றால் விடியற்காலையில் போங்கள். ஸ்டாண்டின் நடுவில் மணல் பையைத் தொங்கவிட்டு, ஒருவரைக் குடை பிடிக்கச் சொல்லுங்கள். தலையில் போடும் துணி வெளிப்பக்கம் வெள்ளை, உள்பக்கம் கறுப்பு என்று இரண்டு அடுக்காகத் தைத்தால் வெயிலில் மயக்கம் வராது. ஃபிலிம் போட்ட ஸ்லைடுகளை பைக் பெட்டியில் விடாதீர்கள். மழைக்காலத்தில் லென்ஸைத் தோல் பையில் வைக்காமல் சிலிக்கா ஜெல் போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள், பூஞ்சை முதலில் பிடிப்பது அந்தத் தோலைத்தான்.

இவ்வளவும் முடிந்து, கேமரா நாலு நல்ல நெகட்டிவ் கொடுத்த பிறகு பித்தளைக்கு வாருங்கள். மரத்தில் அரக்குப் பாலிஷ் போடுவதாக இருந்தால் லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 120 கிராம் அரக்கு, மெல்லிய பூச்சாகப் பல தடவை. சாரலோ மழையோ உள்ள நாளில் போட்டால் ஈரம் ஏறி வெள்ளையாகப் பூத்துவிடும், மாசி, பங்குனிதான் இதற்கு மாதம். பித்தளைத் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, மரத்தைவிட்டுத் தள்ளி வைத்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, நைஸ் பாலிஷால் துடைத்து, ஸ்பிரிட்டில் அலசி, லேசாகச் சூடாக்கி ஒரு பூச்சு மெல்லிய அரக்கு கொடுங்கள். கழற்றும்போதே ஒரு அட்டையில் அந்தத் துண்டை வரைந்து, ஒவ்வொரு திருகாணியையும் அதனதன் துளை இருக்கும் இடத்தில் குத்தி வையுங்கள். பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் நீளத்தில் அரை மில்லிமீட்டர் கூடக்குறைய இருக்கும். இடம் மாறிய நீளத் திருகாணி மரத்தைத் துளைத்துக்கொண்டு துருத்தியில் போய்க் குத்தும்.